வீட்டில் செய்யும் ஹை-ஃபை டாக்: மின்சாரமும் இணைப்பும், ஒரு முழுமையான வழிகாட்டி

கணினியிலோ மெமரி கார்டிலோ இருக்கும் பாடல் வெறும் எண்களின் வரிசைதான். அந்த எண்களை ஆம்ப்ளிஃபயர் ஏற்றுக்கொள்ளும் மின்னழுத்த அலையாக மாற்றித் தரும் கருவியே டிஜிட்டல்-அனலாக் மாற்றி, பேச்சுவழக்கில் டாக். முன்பு நல்ல டாக் என்றால் விலையுயர்ந்த பொருளாக இருந்தது. இன்று டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பிசிஎம் 5102ஏ சிப் பொருத்திய சிறிய ஊதா நிறத் தட்டு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அந்தச் சிப்பின் சிக்னல்-இரைச்சல் விகிதம் 112 டெசிபல் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது; 16 பிட் சிடி தரக்கூடியதோ ஏறக்குறைய 96 டெசிபல்தான். ஆகவே சிப்பில் குறையில்லை. வீட்டில் செய்த டாக்கில் உறுமலோ சீறலோ கேட்டால், பெரும்பாலும் அது வந்து சேர்ந்த வழி மின்வழங்கியும், சுற்றின் பூஜ்ய வோல்ட் இணைப்பான கிரவுண்ட் கம்பியும்தான். விலையுயர்ந்த கெப்பாசிட்டர்களுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தையும் பொறுமையையும் இந்த இரண்டிலும் போட்டால், வித்தியாசம் உடனே காதில் தெரியும்.

இங்கே நாம் அமைக்கப்போவது இதுதான்: 40 முனைகள் கொண்ட ராஸ்பெரி பை என்ற சிறு கணினி (இனி பை) பாடலை வாசிக்கும், அதிலிருந்து ஐ2எஸ் என்ற மூன்று சிக்னல் கம்பிகள் பிசிஎம் 5102ஏ தட்டுக்குப் போகும், தட்டுக்கு நாமே செய்த, டிரான்ஸ்பார்மரும் ரெகுலேட்டரும் கொண்ட லீனியர் மின்வழங்கி 5 வோல்ட் தரும், பை தன் சொந்த அடாப்டரிலேயே இயங்கும், தட்டின் வெளியீடு ஆர்சிஏ சாக்கெட் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும்.

முதலில் தட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கம்பியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. "எல்லாம் சரியாக இணைத்தேன், சத்தமே வரவில்லை" என்ற புலம்பல்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த அடிப்பக்கம்தான். அங்கே 1 முதல் 4 வரை எண்ணிட்ட நான்கு வரிசைகளும், ஒவ்வொரு வரிசையிலும் மூன்று சிறிய ஈயத் திட்டுகளும் இருக்கும். நடுத் திட்டை எந்தப் பக்கத் திட்டோடு ஈயத்தால் இணைக்கிறோமோ, அதற்கேற்ப அந்த வரிசைக்குரிய சிப் முனை 3.3 வோல்ட்டுக்கோ கிரவுண்டுக்கோ போகும். ஒரு பக்கத்தில் ஹெச் என்றும் மறுபக்கத்தில் எல் என்றும் குறித்திருப்பார்கள்.

முதல் வரிசை டிஜிட்டல் ஃபில்டரைத் தேர்வு செய்கிறது. அது எல் பக்கம் இருக்கட்டும். இரண்டாவது, பழைய சில ஒலிப்பதிவுகளுக்கான டி-எம்ஃபசிஸ், அதுவும் எல். மூன்றாவதுதான் முக்கியம்: அது மியூட் முனை. அதை ஹெச் பக்கம் இணைத்தால்தான் சிப் வாயைத் திறக்கும். எல் பக்கம் இருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் மௌனம்தான். நான்காவது தரவின் வடிவத்தைச் சொல்கிறது. ஐ2எஸ் என்பதற்கு எல். கடையிலிருந்து வரும் சில தட்டுகளில் இந்த இணைப்புகள் போட்டே வரும், சிலவற்றில் நான்கும் காலியாக இருக்கும். கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து நடுத் திட்டு எங்கே சேர்ந்திருக்கிறது என்று உறுதிசெய்து கொள்ளுங்கள். மூன்று திட்டுகளும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் 3.3 வோல்ட் நேரடியாகக் கிரவுண்டோடு ஷார்ட் ஆகும் என்பதால், ஈயத்தை மிகக் குறைவாக எடுத்து, நுனி மெலிந்த சாலிடரிங் அயர்னால் தொட்டு எடுக்க வேண்டும்.

தட்டின் மேற்பக்கத்தில் எஸ்சிகே முனைக்கு அருகே இரண்டு சிறு திட்டுகள் தனியாக இருக்கும். இவற்றையும் ஈயத்தால் இணைத்துவிடுங்கள். எஸ்சிகே என்பது தலைமைக் கடிகாரச் சிக்னலுக்கான முனை; ராஸ்பெரி பை அதைத் தருவதில்லை. அந்த முனை கிரவுண்டோடு சேர்ந்திருப்பதைக் கண்டால், பிசிஎம் 5102ஏ தன்னுள் இருக்கும் பிஎல்எல் சுற்றைக் கொண்டு தேவையான கடிகாரத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அதை எங்கும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டால், அது சுற்றியுள்ள இரைச்சலைப் பிடித்துச் சிப்பைக் குழப்பும். சில நேரம் பாடும், சில நேரம் கரகரக்கும், சில நேரம் நின்றுவிடும்.

ஐ2எஸ் கம்பிகள்

ஐ2எஸ் என்பது 1986-ல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட முறை. ஒரே பெட்டிக்குள், ஒரு சிப்பிலிருந்து பக்கத்துச் சிப்புக்கு ஒலித் தரவை அனுப்புவதற்காக வகுக்கப்பட்டது. அறையின் மறுகோடிக்கு அனுப்ப அல்ல. இதை நினைவில் வைத்தால் கம்பியின் நீளத்தைப் பற்றி வேறு விளக்கம் தேவைப்படாது: 10 சென்டிமீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு சேனலுக்குமாக 64 துடிப்புகள் என்று எடுத்துக்கொண்டால், பிட் கடிகாரம் 2.8224 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அந்தச் சதுர அலையின் விளிம்புகள் அதைவிடப் பன்மடங்கு வேகமானவை. நீளமான கம்பியில் அவை எதிரொலித்துத் தடுமாறும்.

பையின் 12-ஆம் முனை, அதாவது ஜிபிஐஓ (பையின் பொதுப் பயன்பாட்டு முனை) 18, தட்டின் பிட் கடிகார முனையான பிசிகே-க்குப் போக வேண்டும். 35-ஆம் முனை, அதாவது ஜிபிஐஓ 19, தட்டில் எல்சிகே என்று குறித்த இடத்துக்குப் போக வேண்டும்; இடது சேனலா வலது சேனலா என்று சொல்லும் கடிகாரம் இது. 40-ஆம் முனை, ஜிபிஐஓ 21, டிஐஎன் என்ற தரவு முனைக்குப் போகும். கிரவுண்டுக்கு ஒரே ஒரு கம்பி போதும் என்று எண்ண வேண்டாம். 12-க்கு அடுத்திருக்கும் 14-ஆம் முனையும், 40-க்கு எதிரே இருக்கும் 39-ஆம் முனையும் கிரவுண்ட்தான்; இரண்டிலிருந்தும் கம்பி எடுத்து, ஒன்றைப் பிசிகே கம்பியோடும் மற்றொன்றைத் தரவுக் கம்பியோடும் முறுக்கித் தட்டின் ஜிஎன்டி முனையில் சேர்த்துவிடுங்கள். சிக்னல் போகும் கம்பியின் பக்கத்திலேயே அது திரும்பி வருவதற்கான பாதையும் இருந்தால், அது வேறெங்கும் அலையாது.

மூன்று சிக்னல் கம்பிகளிலும், பை இருக்கும் முனையில், 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரிணைப்பாகச் சேர்ப்பது நல்லது. விளிம்பின் எதிரொலியை அது அடக்கும். இன்னொரு பயனும் உண்டு: பை ஓடிக்கொண்டிருக்கும்போது டாக்கின் மின்வழங்கி அணைந்திருந்தால், பையின் 3.3 வோல்ட் சிக்னல்கள் சிப்பின் உள்ளீட்டில் இருக்கும் பாதுகாப்பு டையோடுகள் வழியே உள்ளே புகப் பார்க்கும். ரெசிஸ்டர் அந்த மின்னோட்டத்தைக் குறைக்கும். ஆனாலும் அதையே நம்பியிராமல், டாக்கும் பையும் ஒரே சுவிட்சில் எரிந்து அணையும்படி அமைப்பதே சரியான வழி.

முதல் சோதனையைப் பையின் மின்சாரத்திலேயே செய்யுங்கள்

பையின் 2-ஆம் முனையின் 5 வோல்ட்டைத் தட்டின் மின்சார நுழைவு முனையான விஐஎன்-க்குக் கொடுத்து, ஒருமுறை பாட வைத்துப் பாருங்கள். பிறகு வரும் தனி மின்வழங்கியில் ஏதாவது கோளாறு நேர்ந்தால், தட்டு நல்லதுதான் என்ற உறுதி கையில் இருக்கும்.

மென்பொருளில் செய்ய வேண்டியது சிறிதே. வால்யூமியோ அல்லது மூட் போன்ற இசை வாசிப்பு இயங்குதளத்தை நிறுவி, ஒலி அமைப்புப் பக்கத்தில் ஐ2எஸ் கருவிகளின் பட்டியலில் ஹைஃபைபெர்ரி டாக் என்பதைத் தேர்ந்தெடுத்து, மறுபடி தொடங்கினால் போதும். பட்டியலில் அதை ஒட்டியே டாக் பிளஸ் என்ற பெயரும் இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது ஐ2சி வழியாகக் கட்டளை வாங்கும் வேறு வகைச் சிப்புக்கானது. நம்முடைய தட்டில் அந்த வசதி இல்லாததால், இயக்கி சிப்பைத் தேடிக் காணாமல் ஒலி அட்டையே இல்லை என்று சொல்லிவிடும்.

இந்த நிலையிலேயே பாட்டு நன்றாகத்தான் கேட்கும். பலர் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை உயர்த்தி, பாட்டை நிறுத்தி வைத்து, ட்வீட்டருக்கு அருகில் காதைக் கொண்டுபோனால், பை வேலை செய்யும்போதெல்லாம் மெல்லிய கீச்சொலி ஏறி இறங்குவதைக் கேட்கலாம். செயலியின் மின்னோட்டம் நொடிக்கு நொடி மாறுகிறது. அதே 5 வோல்ட் கம்பியிலும் அதே கிரவுண்டிலும் டாக்கும் உட்கார்ந்திருக்கிறது. மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும், தட்டிலுள்ள சிறு ரெகுலேட்டர் குறைந்த அதிர்வெண் இரைச்சலை நன்றாகவே அடக்கும். மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டித் தரும் ஸ்விட்சிங் அடாப்டரின் உயர் அதிர்வெண் இரைச்சலில் அதன் கை தளர்ந்துவிடும்.

மின்வழங்கியைக் கட்டுதல்

டாக்குக்குத் தேவைப்படும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள்தான். ஆகவே பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டாம். சென்னை ரிச்சி தெரு முதல் எந்த ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் 9-0-9 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் தாராளம். அதோடு இரண்டு 1என்4007 டையோடு, 2200 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று, 7805 ரெகுலேட்டர், அதன் நுழைவில் 0.33 மைக்ரோஃபாரடும் வெளியேற்றத்தில் 0.1 மைக்ரோஃபாரடும், வெளியேற்றத்தில் கூடுதலாக 47 மைக்ரோஃபாரட் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

230 வோல்ட் பக்கத்தில் எந்தச் சமரசமும் கூடாது. மூன்று முனை சாக்கெட், 250 மில்லி ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ், அதன் பிறகு சுவிட்ச், பிறகு டிரான்ஸ்பார்மரின் பிரைமரி; ஃபியூஸும் சுவிட்சும் ஃபேஸ் கம்பியில்தான் வர வேண்டும், நியூட்ரலில் அல்ல. பச்சை எர்த் கம்பியைப் பெட்டியின் உலோகத்தோடு, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, தனி போல்ட்டும் பல் வாஷரும் போட்டு இறுக்கிவிடுங்கள். வெளியே தெரியும் ஒவ்வொரு சாலிடர் முனைக்கும் ஹீட்ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்திருக்கிறேன் என்பது போதாது. இந்தப் பகுதியை இதுவரை செய்து பழகாதவர்கள், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

செகண்டரியின் இரண்டு 9 வோல்ட் முனைகளிலும் ஒவ்வொரு டையோடு போட்டு, வெள்ளைக் கோடு உள்ள முனைகள் இரண்டையும் சேர்த்துக் கெப்பாசிட்டரின் நேர்முனைக்குக் கொண்டுவாருங்கள். நடு முனை கெப்பாசிட்டரின் எதிர்முனைக்கு. அலையின் உச்சி 12.7 வோல்ட்; டையோடில் 0.7 போக 12 வோல்ட். குறைந்த சுமையில் சிறிய டிரான்ஸ்பார்மர்கள் கூடுதலாகவே தரும் என்பதால் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும் திகைக்க வேண்டாம். 25 வோல்ட் கெப்பாசிட்டரைக் கேட்டது அதற்காகத்தான். 50 மில்லி ஆம்பியர் இழுக்கும்போது அதில் ஏறக்குறைய 0.2 வோல்ட் அலைவு, நொடிக்கு 100 முறை இருக்கும். 7805 அதை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடும். தட்டில் இருக்கும் ரெகுலேட்டர் மேலும் அடக்கும்.

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையிலேயே நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். டையோடுகள் எப்போதும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அலையின் உச்சியில் மட்டும், சிறு நேரத்துக்கு, கனமான துடிப்பாகக் கெப்பாசிட்டரை நிரப்புகின்றன. அந்தத் துடிப்பு டிரான்ஸ்பார்மரின் நடு முனைக்கும் கெப்பாசிட்டரின் எதிர்முனைக்கும் இடையிலான கம்பியில் ஓடித் திரும்புகிறது. கம்பிக்கும் சிறு தடை உண்டு; ஆகவே அந்தத் துண்டில் 100 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் பிறக்கிறது. டாக்கின் கிரவுண்டை டிரான்ஸ்பார்மரின் நடு முனையிலிருந்து எடுத்தால், அந்த 100 ஹெர்ட்ஸையும் சேர்த்தே வாங்குகிறோம். எந்த ரெகுலேட்டராலும் அதை நீக்க முடியாது, ஏனென்றால் அது ரெகுலேட்டருக்கு வெளியே, கிரவுண்டிலேயே இருக்கிறது. ஆகவே வரிசை இப்படி அமையட்டும்: நடு முனையின் கம்பி கெப்பாசிட்டரின் எதிர்முனையில் முடிய வேண்டும், அங்கிருந்து புதிய கம்பி ஒன்று 7805-இன் நடுக் காலுக்குப் போக வேண்டும், டாக்கின் கிரவுண்ட் 7805-இன் வெளியேற்றக் கெப்பாசிட்டரின் எதிர்முனையிலிருந்து புறப்பட வேண்டும்.

7805-இன் உலோக முதுகு அதன் கிரவுண்ட் காலோடு உள்ளேயே இணைந்தது. அதைப் பெட்டியின் சுவரில் அப்படியே திருகிவிட்டால், நாம் அறியாமலேயே அந்த இடத்தில் கிரவுண்டுக்கும் எர்த்துக்கும் ஓர் இணைப்பு உண்டாகிவிடும். மைக்கா தகடும் பிளாஸ்டிக் புஷ்ஷும் வைத்துத் திருகுங்கள். அல்லது அரை வாட்டுக்கும் குறைவாகவே சூடாகும் என்பதால் சிறிய தனி ஹீட்சிங்க் போட்டுப் பெட்டியைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

டாக்கை இணைக்காமல் முதல் மின்சாரம் கொடுங்கள். சீரிஸ் லாம்ப், அதாவது 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்து எரியவிடுவது நல்ல பழக்கம்; எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், டிரான்ஸ்பார்மர் தப்பிக்கும். பல்பு எரியவில்லையென்றால் அதை எடுத்துவிட்டு, 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டரை வெளியேற்றத்தில் சுமையாக வைத்து அளவிடுங்கள். 4.8 முதல் 5.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. தட்டிலுள்ள சிறு ரெகுலேட்டர்கள் பலவும் 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை என்பதால், இந்த அளவீட்டைச் செய்யாமல் விஐஎன்-இல் கம்பி வைக்கக் கூடாது. பையின் 2-ஆம் முனையிலிருந்து வந்த 5 வோல்ட் கம்பியையும் இப்போது மறக்காமல் அகற்ற வேண்டும். இரண்டு மின்வழங்கிகள் ஒரே முனையில் மோதக் கூடாது.

பேட்டரியில் ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பவர் பேங்க்கில் பயனில்லை. அதற்குள்ளேயே ஒரு ஸ்விட்சிங் சுற்றுதான் 5 வோல்ட்டைத் தயாரிக்கிறது. 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனால் தட்டின் வரம்பைத் தாண்டும். நான்கு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல்கள் மட்டும் அழகாகப் பொருந்துகின்றன: 4.8 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர்-மணி செல்லில் 40 மணி நேரம் பாடும். சார்ஜ் செய்யும் தொந்தரவைப் பொருட்படுத்தாதவர்களுக்கு 230 வோல்ட்டைத் தொடாமல் கிடைக்கும் சுத்தமான வழி இதுவே.

வெளியீடு

பிசிஎம் 5102ஏ தனக்கு வேண்டிய எதிர்மின்னழுத்தத்தைத் தானே உள்ளே உருவாக்கிக்கொள்வதால், வெளியீடு பூஜ்ய வோல்ட்டை மையமாகக் கொண்டே அசைகிறது. தொடரில் கெப்பாசிட்டர் தேவையில்லை. முழு அளவில் 2.1 வோல்ட் தரும். தட்டில் ஹெட்ஃபோன் சாக்கெட் போலவே ஒன்று இருப்பதைப் பார்த்து ஹெட்ஃபோனைச் சொருகிவிடாதீர்கள். அது லைன் வெளியீடு. குறைந்தது 1 கிலோ ஓம் சுமை வேண்டும் என்று தரவுத்தாள் கேட்கிறது. 32 ஓம் ஹெட்ஃபோனில் ஒலி நசுங்கிப்போகும். இந்தச் சிப்பில் வால்யூம் கட்டுப்பாடும் கிடையாது. அதனால் வால்யூம் குமிழ் இல்லாத பவர் ஆம்ப்ளிஃபயரில் நேரடியாக இணைத்தால், மென்பொருளில் ஒரு தவறான சொடுக்கு ஸ்பீக்கரைப் பலிவாங்கும்.

ஆம்ப்ளிஃபயரை இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரை டிசி நிலையில் வைத்து இரண்டு வெளியீடுகளையும் அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பிறகு 100 ஹெர்ட்ஸ் சைன் அலைக் கோப்பு ஒன்றை முழு அளவில் ஓடவிட்டு ஏசி நிலையில் அளந்தால் இரு பக்கமும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். சாதாரண மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்ணில் தவறாகக் காட்டும் என்பதால் 1 கிலோஹெர்ட்ஸை விட 100 ஹெர்ட்ஸே இதற்கு ஏற்றது.

ஆர்சிஏ சாக்கெட்டுகளைப் பெட்டியின் உலோகத்தைத் தொடாத பிளாஸ்டிக் வளையத்தோடு பொருத்துங்கள். தட்டிலிருந்து சாக்கெட்டுக்குப் போகும் கம்பி ஷீல்டு உள்ளதாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். டிரான்ஸ்பார்மர் பெட்டியின் ஒரு மூலையிலும் டாக் தட்டு எதிர் மூலையிலும் இருக்க வேண்டும். எரியவிடும்போது டாக் முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில்.

உறுமல் வந்தால்

காதையே கருவியாக்கிக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் என்றால் தாழ்ந்த, வழவழப்பான முனகல்; 100 ஹெர்ட்ஸ் அதைவிட ஓங்கிய, முள் உள்ள ரீங்காரம். ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டு அதிர்வெண்களையும் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டால் போதும். ரீங்காரமாக இருந்தால் மேலே சொன்ன கெப்பாசிட்டரின் எதிர்முனை வரிசையை மறுபடி சரிபாருங்கள். முனகலாக இருந்தால், ஆர்சிஏ கேபிளை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுச் சாக்கெட்டில் ஷார்ட் பிளக் வைத்தபடி கேபிள் இல்லாமலேயே முனகினால் கோளாறு ஆம்ப்ளிஃபயர் பக்கம். கேபிள் சேர்த்தால்தான் வருகிறது என்றால், டிரான்ஸ்பார்மரின் திருகுகளைத் தளர்த்தி, அதைக் கால் வட்டம் திருப்பி வைத்துப் பாருங்கள். காந்தப் புலத்தால் வந்த முனகல் இதில் குறையும். குறையவில்லையென்றால் அது கிரவுண்ட் வளையம், அதாவது கிரவுண்ட் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் எர்த்தோடு சேர்ந்து உண்டாகும் சுற்று.

பையிலிருந்து டிவிக்குப் போகும் ஹெச்டிஎம்ஐ கேபிளை முதலில் கழற்றுங்கள். கேபிள் டிவியின் எர்த் அந்த வழியாக உள்ளே வந்து வளையத்தை மூடிவிடுவது வழக்கம். பையின் இரண்டு முனை அடாப்டரும் சந்தேகத்துக்குரியதே: இத்தகைய அடாப்டர்களில் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும், அதன் வழியே கசியும் மின்னோட்டம் பையின் கிரவுண்டிலிருந்து டாக்குக்கும், ஆர்சிஏ ஷீல்டு வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்துக்கும் போகும். உலோகத்தைப் புறங்கையால் தடவும்போது லேசாகக் கூசுவது இதனால்தான். தரமான வேறு அடாப்டரை மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

எந்த நிலையிலும் எர்த் கம்பியைக் கழற்றி முனகலை நிறுத்தாதீர்கள். முனகல் நிற்கும், ஆனால் ஒருநாள் டிரான்ஸ்பார்மரின் காப்பு கெட்டால் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். பெட்டியின் உலோகம் எர்த்தோடு நேரடியாகவே இருக்கட்டும். சுற்றின் கிரவுண்டை மட்டும் ஒரே இடத்தில், 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியாகப் பெட்டியோடு சேருங்கள். அந்த ரெசிஸ்டருக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும், நேர், எதிர் முனைகளை ஒன்றாகச் சேர்த்த 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் இரண்டு ஏசி முனைகளையும் இணைக்க வேண்டும். வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டத்தை ரெசிஸ்டர் நெரித்துவிடும். பெரிய பிழை மின்னோட்டம் வந்தால் பிரிட்ஜ் அதை நேராக எர்த்துக்குக் கொண்டுபோய் ஃபியூஸை எரித்துவிடும். இதைப் பொருத்திய பிறகு மல்டிமீட்டரில் ஆர்சிஏ சாக்கெட்டின் வெளிவளையத்துக்கும் பெட்டிக்கும் இடையே 10 ஓம் காட்டுகிறதா என்று பாருங்கள். பூஜ்யம் காட்டினால், 7805-இன் முதுகோ ஏதாவது ஒரு சாக்கெட்டோ பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.